பதினோரு எழுத்து

காலை பத்து ஐந்துக்குத் தொடங்கி பத்து நாற்பத்தைந்து வரை பதினோரு எழுத்து. என் அண்ணன் பொன்னுலிங்கம் அன்றைக்குப் பேசியது அவ்வளவுதான் சார். பன்னிரண்டாவதாக ஒன்று விழுந்தது. அதை நான் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. அது பாதிச் சொல்.

குறுக்கே பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் போனில் பேசியது காதில் விழுந்தது. கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் முப்பத்திரண்டு பிட் போடவா, அறுபத்திநாலு போடவா என்று யாரோ கேட்கிறார்கள். 'எது நல்லதோ அதைப் போடுங்க' என்று நீங்கள் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். பஸ் திருநெல்வேலி போக இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சங்கரன்கோவிலில் டைல்ஸ் கடை. பேர் தெய்வசிகாமணி. அண்ணன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டெக்னீஷியனாக இருந்தவர். நாற்பத்திரண்டு வயதில் நரம்பு நோய் வந்தது. முதலில் செருப்பு காலிலிருந்து நழுவியது. அப்புறம் கை. அப்புறம் நாக்கு. ஏழு வருஷத்தில் ஒவ்வொன்றாகப் போய், வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் மிஞ்சியது. அதுவும் மடக்கி நிமிர்த்த முடியாது. ஒரு துடிப்பு, அவ்வளவுதான். புத்தி மட்டும் அப்படியே இருந்தது என்று டாக்டர் சொன்னார். நானும் எல்லோரிடமும் அதைத்தான் சொல்வேன். "புத்தி அப்படியே இருக்கு" என்பேன்.

நோய் வந்த இரண்டாம் வருஷம் நஸ்ரின் என்று ஒரு பெண் வந்தது. இன்ஜினியரிங் கடைசி வருஷம். காலேஜ் வேலைக்காக ஒரு பெட்டி செய்தது. சோப்பு டப்பா அளவு, மேலே ஒரு பொத்தான், கம்பி கம்ப்யூட்டரின் பின்பக்கம் போகும். திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக மின்னிக்கொண்டே போகும். வேண்டிய வரிசை வரும்போது அண்ணன் பொத்தானைத் தொட வேண்டும். பிறகு அந்த வரிசைக்குள் எழுத்து எழுத்தாக மின்னும். மறுபடி தொட வேண்டும். ஒரு எழுத்துக்கு மூன்று நிமிடம், நாலு நிமிடம். தவறிப்போனால் ஒரு சுற்று காத்திருக்க வேண்டும். வாய் போன பிறகு அண்ணனுக்கு அதுதான் வாய். அதில்தான் மகள் செண்பகாவுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். மதினியிடம் 'ரசத்தில் உப்பு' என்று குறை சொன்னார். அவர் உப்பு பார்ப்பதே நாக்கில் ஒரு சொட்டு வைத்துத்தான். அதற்கும் குறை.

கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது சார். எழுத்து மின்னும்போதே நின்றுவிடும். அண்ணன் தொடுவார், ஒன்றும் நடக்காது. பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. விஜயதசமி வந்தது. 2016, அக்டோபர் பதினொன்று, செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு எது தொடங்கினாலும் விளங்கும் இல்லையா? கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற கோயில்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனேன். முதல்நாள் ஆயுத பூஜைக்கு மதினி வைத்த சந்தனமும் குங்குமமும் பெட்டியின் மேல் அப்படியே இருந்தன.

கோயில்பிள்ளை நல்ல மனுஷன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்து, திரும்ப மாட்டிவிட்டு, "அண்ணாச்சி, மெமரி கூட்டிரலாம். விண்டோஸ் புதுசாப் போட்டுரலாம். முப்பத்திரண்டா, அறுபத்திநாலா?" என்றார்.

"என்ன வித்தியாசம்?"

"முப்பத்திரண்டு ரெண்டு வழிச் சாலை. அறுபத்திநாலு நாலு வழிச் சாலை. வேகம் இருக்கும், கூட்டுற மெமரி முழுசா வேல செய்யும். ஒண்ணே ஒண்ணு, நாலு வழிச் சாலையில மாட்டு வண்டிய விட மாட்டான். பழைய சாமான் ஏதும் மாட்டியிருந்தா ஓடாமப் போயிரும். கேட்டுக்கிடணும்."

"யார்ட்ட கேக்க?"

"வீட்ல கம்ப்யூட்டர யார் ஓட்டுறாங்களோ, அவங்கட்ட."

நான் சிரித்துவிட்டேன். ஓட்டுகிறவர் கட்டிலில் படுத்திருக்கிறார். அவரிடம் சாலையைப் பற்றிக் கேட்கச் சொல்கிறார். டைல்ஸ் கடையில் நான் இருபது வருஷம் நின்றவன் சார். இரண்டுக்கு இரண்டு அடி டைல் கேட்டு வருகிறவரிடம் நாலுக்கு இரண்டு எடுத்துக் காட்டுவேன். வேண்டாம் என்பார்கள். போட்டுப் பார்த்த பிறகு, நல்லவேளை சொன்னீர்கள் என்பார்கள். அறுபத்திநாலு என்பது முப்பத்திரண்டைப் போல இரண்டு மடங்கு. இதில் கேட்க என்ன இருக்கிறது?

"அறுபத்திநாலே போடுங்க" என்றேன். அண்ணனைப் பார்த்து, "அண்ணே, புதுசாக்கிருவோம், பறக்கும்" என்றேன்.

அப்போதுதான் அவர் பேசத் தொடங்கினார். பத்து ஐந்து. சரி, அவர் முடிக்கட்டும், அதற்குப் பிறகு மாற்றுவோம் என்று நாங்கள் காப்பி குடித்தோம். நான் பொறுமையாக உட்கார்ந்திருந்தேன். அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. நாற்பது நிமிடம்.

'இருக்கட்டும்' என்று வந்தது. ஏழு எழுத்து.

அப்புறம் 'மாத்தாதே' என்று வந்தது. நாலு எழுத்து.

நீங்களே சொல்லுங்கள் சார். நம் ஊரில் ஒருத்தர் 'இருக்கட்டும்' என்றால் என்ன அர்த்தம்? இலையின் மேல் இரண்டு கையையும் விரித்து மறைக்கிறவருக்கும், விரலிடுக்கில் ஒரு கரண்டி ஊற்றுகிற ஊர் இது. ஒரு தரம் வேண்டாம் என்றால் கூச்சம். இரண்டாம் தரம் மரியாதை. மூன்றாம் தரமும் சொன்னால்தான் வேண்டாம். என் அண்ணன் சின்ன வயதிலிருந்து அப்படி. தீபாவளிச் சட்டையைக்கூட 'இருக்கட்டும், தம்பிக்கு எடுங்க' என்றுதான் சொல்வார். தம்பிக்கு எதற்கு அலைச்சல் என்று நினைக்கிறார், அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டேன். மூன்று தரம் சொல்ல அவருக்கு இரண்டு மணி நேரம் ஆகும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

'பெ' என்று ஒன்று விழுந்தது. பத்தே முக்கால். ராகுகாலம் மூன்று மணிக்குத்தான், அவசரம் இல்லை, ஆனால் கோயில்பிள்ளைக்கு வேறு வீடு போக வேண்டியிருந்தது.

"அவரு இன்னும் முடிக்கலையே, தம்பி" என்றார்கள் மதினி.

"வேல முடிஞ்ச பிறகு பறக்கப் பறக்கப் பேசட்டும் மதினி. நீங்க ஆஃப் பண்ணுங்க கோயில்பிள்ளை" என்றேன்.

மூன்று மணிக்கு வேலை முடிந்தது. கம்ப்யூட்டர் பறந்தது, பொய் சொல்லக் கூடாது. பச்சை மலை, நீல வானம், தொட்டால் திறக்கிறது. பெட்டியை மாட்டினார். ஒன்றும் இல்லை. கழற்றி மாட்டினார். ஒன்றும் இல்லை. எழுத்துகள் மின்னுகிற அந்தப் பழைய திரையே வரவில்லை. அதைப் போட டிஸ்க் வேண்டும் என்றார். டிஸ்க் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. நஸ்ரினின் போன் நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது.

அண்ணனின் விரல் பொத்தான் மேலேயே இருந்தது. டக், டக் என்று அழுத்திக்கொண்டிருந்தார். திரையில் மலை மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் சார்.

நான் சும்மா இருக்கவில்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டிதான் கெட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேறென்ன? ஆறு வருஷச் சாமான். புதுக் கம்ப்யூட்டரா கெட்டிருக்கும்? அதை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு தென்காசி போனேன். அங்கே ஒரு ரேடியோ மெக்கானிக் திறந்து பார்த்து, "இது நல்லாத்தான இருக்கு" என்றார். நல்லா இருந்தால் ஏன் பேசவில்லை? அவருக்கு அனுபவம் போதாது என்று திருநெல்வேலி போனேன். இதே பஸ், இதே மாதிரி ஜன்னலோரம். அங்கேயும் "நல்லா இருக்கு அண்ணாச்சி" என்றார்கள். மதுரைக்குப் போனேன். ஒரு பையை விரித்தால் கடை என்கிற மாதிரி இடத்தில் ஒருத்தர், "பெட்டி சரி. எந்தக் கம்ப்யூட்டர்ல மாட்டினீங்க?" என்று கேட்டார். "புதுசு, அறுபத்திநாலு" என்று பெருமையாகத்தான் சொன்னேன். அவர் என்னவோ சொல்ல வந்தார். அதற்குள் எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

நஸ்ரின் படித்த காலேஜுக்கும் போனேன். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. கேட்டில் நின்று அழுதேன் சார். நாற்பத்தாறு வயது ஆள். படிக்கிற பிள்ளைகள் பார்த்துக்கொண்டே போனார்கள்.

வீட்டில் என்ன நடந்தது என்றால், ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். விரல் ஒரு தரம் துடித்தால் ஆமாம். இரண்டு தரம் துடித்தால் இல்லை. நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். மூன்றாம் நாளிலிருந்து அண்ணனின் கண்ணில் தண்ணீர் வரத் தொடங்கியது. கன்னத்தில் வழிந்து காதுக்குள் போகும். மதினி துடைப்பார்கள்.

"வலிக்குதா அண்ணே?"

இரண்டு துடிப்பு.

"பசியா? தாகமா?"

இரண்டு. இரண்டு.

"முதுகுல விரிப்பு மடங்கியிருக்கா? ஃபேன் குறைக்கவா? கொசுவா?"

இரண்டு, இரண்டு, இரண்டு.

"தலையா? பல்லா? வயிறா? ஒண்ணுக்கு வருதா?"

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு கேள்வி கொண்டுவந்தார்கள். குலதெய்வத்துக்கு ஏதாவது குறை இருக்கா என்று ஒரு அத்தை கேட்டார். இரண்டு. செண்பகா கல்யாணத்தை நெனச்சா என்று இன்னொருவர். அவள் அப்போது பிளஸ் ஒன். இரண்டு துடிப்பும் மிக வேகமாக வந்தது. அந்த வாரத்தில் அவர் சிரித்திருந்தால் அது அப்போதுதான்.

டாக்டரைக் கூட்டி வந்தேன். அவர் எல்லாம் பார்த்துவிட்டு, எதுவும் இல்லை, மனச்சோர்வாக இருக்கலாம் என்று தூக்கத்துக்கு ஊசி போட்டார். போடும்போது விரல் இரண்டு இரண்டாகத் துடித்துக்கொண்டே இருந்தது. ஊசிக்குப் பயப்படுகிறார் என்றேன்.

ஒரு நாள் செண்பகா, "சித்தப்பா, கம்ப்யூட்டரப் பத்திக் கேட்டுப் பாருங்க" என்றாள்.

"ஏம்மா, அவரே இந்த நெலமையில கெடக்காரு. அவர்ட்ட போயி கம்ப்யூட்டரப் பத்தியா?"

"எங்கப்பாதான சித்தப்பா எக்ஸ்சேஞ்சையே பாத்தாங்க?"

சின்னப் பிள்ளை. நான் அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன்.

எத்தனை கேள்வி கேட்டோம் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். இருநூறுக்குக் குறையாது. ஒரு மனுஷனின் உடம்பில் கேட்பதற்கு இருநூறு இடம் இருக்கிறது சார். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை, இல்லை. ஒரு கட்டத்தில் நான் கோபப்பட்டுவிட்டேன். "என்னதாம்ண்ணே வேணும் ஒங்களுக்கு? நாய் மாதிரி அலையுறேன்ல?" என்று கத்தினேன். கத்தினது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு விரல் துடிக்கவே இல்லை. மறுநாளும் இல்லை. ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை. அதுதான் சார் பயங்கரம். கஞ்சி ஊற்றும்போது மட்டும் தொண்டை அசையும். மதினி அவர் மூக்கடியில் கை வைத்து வைத்துப் பார்த்தார்கள்.

தீபாவளி வந்தது. சனிக்கிழமை. தெருவில் வெடி. நான் புது வேட்டி வாங்கிக்கொண்டு காலை ஒன்பது மணிக்குப் போனேன். மதினி தலைக்கு எண்ணெய்கூட வைக்கவில்லை. கட்டில் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, செண்பகாவின் பழைய ரஃப் நோட்டில் அ, ஆ, இ, ஈ என்று வரிசையாக எழுதி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வரிசையாக விரலை வைத்துச் சத்தமாக வாசித்தார்கள். கம்ப்யூட்டர் செய்ததைத் தன் வாயால் செய்கிறார்கள்.

"க வரிசையா? ச வரிசையா? ட வரிசையா? த வரிசையா? ப வரிசையா?"

விரல் துடித்தது. ஒரு தரம்.

"என்ன மதினி, நல்ல நாளும் அதுவுமா ஒண்ணாங்கிளாஸ் நடத்துறீங்க?" என்றேன். அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ப. பா. பி. பீ."

துடித்தது.

பதினொரு மணிக்கு 'பீரோ' என்று வந்தது. பீரோவில்தானே பத்திரம் எல்லாம் இருக்கிறது? மனுஷன் கணக்கை முடிக்கிறார், எழுதி வைக்கிறார் என்று எனக்குப் பட்டது. கால்மாட்டில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு, "அப்படியெல்லாம் பேசாதீங்கண்ணே, நான் இருக்கேன்" என்று கதறினேன். விரல் இரண்டு தரம், இரண்டு தரம், இரண்டு தரம்.

"கொஞ்சம் சும்மா இருங்க தம்பி. எனக்கு எழுத்து விட்டுப்போகுது" என்றார்கள் மதினி. ஏழு வருஷத்தில் என்னை ஒரு சொல் அதட்டாதவர்கள்.

அடுத்து 'டைரி' வந்தது. செண்பகா பீரோவைத் திறந்தாள். மேல்தட்டில் எக்ஸ்சேஞ்சில் வருஷா வருஷம் கொடுத்த டைரிகள் அடுக்காக இருந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள். 2010-க்கு விரல் துடித்தது. அதற்குள் ஒரு கவர், கவருக்குள் டிஸ்க். கவரின் மேல் நஸ்ரினின் கையெழுத்தில் '32 மட்டும்' என்றும், அவள் ஓசூர் வீட்டு நம்பரும் இருந்தன. அதற்குக் கீழே அண்ணனின் கையெழுத்து. கை முழுசாக விழுவதற்கு முன்னால் எழுதியது, கோணல் கோணலாக. 'மாற்றினால் பெட்டி பேசாது. கவனம்.'

முதலிலேயே இதைச் சொல்லியிருக்கலாம் இல்லையா? நான் மதுரை வரைக்கும் போயிருக்க வேண்டியதில்லை.

மறுநாள் ஞாயிறு. கோயில்பிள்ளை தீபாவளிப் பலகாரத்தைக்கூட முடிக்காமல் வந்தார். அறுபத்திநாலை அழித்து முப்பத்திரண்டு போட்டார். கூட்டின மெமரியில் பாதி வீண் என்றார். எனக்கு மனசே இல்லை, ஆனாலும் விட்டுக்கொடுத்தேன். மத்தியானம் இரண்டு மணிக்கு, மின்னுகிற எழுத்துகள் திரும்பி வந்தன. பொத்தானில் அண்ணனின் விரலை மதினி எடுத்து வைத்தார்கள். நாங்கள் நாலு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பத்தொன்பது நாள் கழித்து வாய் திறக்கிற மனுஷன் என்ன சொல்வார்? மகளைக் கூப்பிடுவார், மதினியைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். அலைந்தவன் நான், என் பேரைச் சொன்னாலும் சொல்வார் என்று உள்ளுக்குள் இருந்தது. மறைப்பானேன்.

'பெ' என்று விழுந்தது. அப்புறம் 'ட்', 'டி'. இருபது நிமிடத்தில் ஆறு எழுத்து.

'பெட்டி பேசாது.'

அன்றைக்கு விட்ட இடத்திலிருந்து தொடங்கி வாக்கியத்தை முடித்தார் சார். அவ்வளவுதான். முடித்துவிட்டுக் கண்ணை மூடித் தூங்கிவிட்டார். டெலிபோன்காரர். பாதியில் அறுந்த லைனை அப்படியே விட அவருக்கு வராது. கோயில்பிள்ளை வெளியே போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டே, "நான் கேக்கச் சொன்னேன் அண்ணாச்சி" என்றார். நான் அவர் தோளைத் தட்டி, "விடுங்க, ஒங்க மேல எனக்கு வருத்தம் இல்ல" என்றேன்.

அதிலிருந்து மதினி என்னிடம் ஆமா, இல்ல என்று இரண்டே சொல்தான் பேசுகிறார்கள். செய்கிறவனுக்குத்தான் கெட்ட பேர்.

நான் பாடம் படிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். அந்தக் கம்ப்யூட்டர் பக்கமே நான் போவதில்லை. முப்பத்திரண்டு என்றால் முப்பத்திரண்டு. உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். பின்பக்கம் பழைய சாமான் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போடச் சொல்லுங்கள். இப்போதே போன் பண்ணுங்கள், நான் இருக்கிறேன்.

லைன் கிடைக்கவில்லையா? பரவாயில்லை, வன்னிக்கோனேந்தல் தாண்டினால் கிடைக்கும்.

அண்ணன் நன்றாக இருக்கிறார். என் வீட்டில்தான் இருக்கிறார். போன வருஷம் புது வீடு கட்டினேன். கீழே அவருக்கென்று ஒரு அறை, ஏசி, சக்கர நாற்காலி போக வாசலில் சாய்தளம், தரையில் வழுக்காத டைல்ஸ். அவர்கள் இருந்தது வாடகை வீடு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மே மாதம் அடுப்பு மாதிரி. அங்கே எப்படி விட்டு வைக்க முடியும்? போய், என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று சொன்னேன். அவர் 'வேண்டாம்' என்று போட்டார். நாலு எழுத்து. மதினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவசரப்படவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் போய்க் கேட்டேன். மறுபடி 'வேண்டாம்' என்றுதான் போட்டார். இரண்டாம் தரம். மரியாதைக்கு.

2017 மே 28, ஞாயிற்றுக்கிழமை, நல்ல நேரம் பார்த்து அண்ணனை என் வீட்டுக்கு மாற்றினோம். புது அறையில் பிளக் பாயிண்ட் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் இருந்தது. கம்ப்யூட்டரை அங்கே வைத்தால் பெட்டியின் கம்பி கட்டிலுக்கு எட்டவில்லை. மதினி ரஃப் நோட்டை எடுத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கட்டில் பக்கம் பாயிண்ட் போட ஒயர்மேன் ஜூன் 3ஆம் தேதி, சனிக்கிழமைதான் வந்தார்.